பாப்பாவுக்கு, காரில் பேசாத ஆறரை மணி நேரம் பற்றி

யீஷூன், சிங்கப்பூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பா,

வயோமிங் மாட்டுப் பண்ணையிலிருந்து டென்வர் வந்து சேரும்வரை ஆறரை மணி நேரம் அப்பா வாயே திறக்கவில்லை என்று அம்மாவிடம் சொல்லி வருத்தப்பட்டாயாம். காஸ்பரில் பெட்ரோல் போடும்போது ஒரு தடவை, சையன் தாண்டியபிறகு ஒரு தடவை, "கோபமாப்பா?" என்று கேட்டாய். "இல்லம்மா, தூக்கம்" என்றேன். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குகிறவன் உண்டா? நீ நம்பவில்லை என்பது ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பிடியிலேயே தெரிந்தது. 34 வருஷம் பேருந்துப் பணிமனையில் கிடந்தவனுக்கு ஓட்டுகிறவர்களின் கை தெரியும்.

போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று நடுவில் புகுந்துவிடுவாய், நானும் பேச்சை மாற்றிவிடுவேன். கடிதத்தில் அது முடியாது. தமிழை நீ விரல் வைத்துத்தான் படிப்பாய், தெரியும். மெதுவாகவே படி. எனக்கும் எழுத நாலு நாள் ஆயிற்று.

முதலில் கறி விஷயத்தை முடித்துவிடுகிறேன்.

முதல் நாள் இரவு, அந்த நீள மேசை. வீட்டுக்காரர்கள், வேலையாட்கள், விருந்தாளிகள் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து, பாத்திரத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் பரிமாறிக்கொள்ளும் மேசை. பண்ணைக்காரப் பெரியவரின் மருமகள் எங்களுக்கென்று தனியாகக் கோழியும் பீன்ஸும் செய்து வைத்திருந்தாள். நாங்கள் மாடு சாப்பிடமாட்டோம் என்று நீ முன்பதிவுப் படிவத்தில் எழுதியிருந்தாயாம். அதுவரை எல்லாம் சரி. அப்புறம் அவள் பெரிய தட்டோடு உன் பக்கம் வந்து, வாயெல்லாம் சிரிப்பாக, "இது உனக்கு! போன வருஷம் தோழிகளோடு வந்தபோது இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாயே, அதே பிரிஸ்கெட்" என்றாள். மாட்டின் நெஞ்சுக்கறி.

பாவம், அவளுக்கு என்ன தெரியும். நீ தட்டைப் பார்த்தாய். நான் உப்புக் குப்பியைப் பார்த்தேன். அம்மா இருக்கிறாளே, அவள் தண்ணீர் ஜாடியை எடுத்து ஊற்றிக்கொண்டே, "இந்த ஊருத் தண்ணி என்னா ஜில்லுன்னு இருக்கு" என்று தமிழில் சொன்னாள். அவளுக்கு இங்கிலீஷ் புரியாமல் இல்லை. முப்பது வருஷம் பாலர் பள்ளியில் வேலை பார்த்தவள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள்; அன்றைக்கு மூன்று பேரும் சேர்ந்து ஆளுக்கொரு கை சோறு அள்ளிப் போட்டோம்.

மறுநாள் காலை உனக்கு அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. வந்தது உண்மை என்றே நம்புகிறேன். "நீங்க இருங்க, ரெஸ்ட் எடுங்க, சனிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று கிளம்பிவிட்டாய். இரவு ஒரு செய்தி அனுப்பினாய்: "சாரிப்பா. எல்லாத்துக்கும்." அதற்கு நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்று அனுப்பினேன். அதற்கு மேல் என்ன அனுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

நீ என்ன சாப்பிடுகிறாய் என்பதில் எனக்குக் கோபம் இல்லை. காரில் நான் பேசாததற்குக் காரணம் வேறு. அது நீ இல்லாத அந்த ஐந்து நாளில் நடந்தது. அதைச் சொல்லவேண்டுமானால் அந்த ஐந்து நாளையும் சொல்லவேண்டும்.

நீ புறப்பட்டுப் போன புழுதி அடங்கியதும் அம்மாவும் நானும் திண்ணையில் நின்றோம். மேற்கே பிக்ஹார்ன் மலைத்தொடர். 13,000 அடிக்கு மேல் போகிற சிகரமெல்லாம் அதில் இருக்கிறது. நம் ஊரில் மிக உயரமான புக்கித் தீமா 164 மீட்டர். அதையே மலை என்று சொல்லிப் பள்ளிக்கூடத்தில் உன்னை ஏற்றி இறக்கினார்கள். அந்தப் பண்ணைக்குள் தெம்பனிஸ் நகரை அப்படியே தூக்கி வைத்தாலும் மிச்ச இடம் இருக்கும். வயோமிங் மாநிலம் முழுக்க ஆறு லட்சம் பேர்கூட இல்லை, மாடுகள் அதைப்போல இரண்டு மடங்கு என்றார்கள். மின்தூக்கி வருவதற்குள் ஏழு பேர் வந்து நிற்கும் புளோக்கில் வாழ்கிறவர்களுக்கு அந்த வெறிச்சென்ற வெளி முதலில் பயமாகத்தான் இருந்தது. அம்மா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்படிப் பிடித்து எத்தனை வருஷமாயிற்று.

பெரியவருக்கு 76 வயது. பேச்சுத் துணை கிடைத்த சந்தோஷமோ என்னவோ, நடக்கும்போதெல்லாம் கதை சொன்னார். பண்ணைக்கு விருந்தாளிகள் வரும் பழக்கம் எப்படி வந்தது தெரியுமா? ஈட்டன் என்ற சகோதரர்கள் 1879இல் டகோட்டா பக்கம் பண்ணை வைத்தார்கள். கிழக்கே இருந்து நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும் வந்து வாரக்கணக்கில் தங்கித் தின்றார்கள். கடைசியில் வந்தவர்களே வெட்கப்பட்டு, செலவுக்குப் பணம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்களாம். 1904இல் அந்தச் சகோதரர்கள் வயோமிங்குக்கே குடிபெயர்ந்தார்கள், ஷெரிடன் பக்கத்தில் உல்ஃப் என்ற இடத்துக்கு. இப்படி வரும் பட்டணத்து ஆட்களுக்குப் பெயர் 'டியூட்'. இப்படி விருந்தாளி வைக்கும் பண்ணைக்காரர்கள் 1926இல் சங்கம்கூட அமைத்துவிட்டார்கள். இவர் குடும்பத்திலும், மாட்டு விலை சரிந்த வருஷங்களில் விருந்தாளிகளின் பணம்தான் கடனை அடைத்தது என்றார். "மாட்டைவிட உங்களை மேய்ப்பது லாபம்" என்று சொல்லிவிட்டு, நான் சிரிக்கிறேனா என்று ஓரக்கண்ணால் பார்த்தார்.

வரும் வழியில் பஃபலோ என்று ஓர் ஊரைத் தாண்டினோமே, தேக்காவின் பஃபலோ ரோடு மாதிரி என்று நான்கூடச் சொன்னேன், ஞாபகமிருக்கிறதா? தப்பு. நியூயார்க் மாநிலத்திலுள்ள பஃபலோ நகரின் பெயரை எடுத்து வைத்துக்கொண்டார்களாம். எருமைக்கும் அதற்கும் நேரடியாகச் சம்பந்தமில்லை. நம் பஃபலோ ரோடுதான் அசல்.

குதிரை விஷயத்தில் அம்மா முதலிலேயே கைகழுவிவிட்டாள். மருமகளோடு சின்ன வண்டியில் உப்புக்கட்டி போடப் போனாள். மாடு நக்குவதற்கு மேய்ச்சலில் ஆங்காங்கே வைக்கும் கட்டி, ஒவ்வொன்றும் இருபது கிலோவுக்கு மேல். எனக்கு 'பிஸ்கட்' என்று ஒரு கிழட்டுக் குதிரையைக் கொடுத்தார்கள். 69 வயதில் முதல்முறையாக ஜீன்ஸ், குதிகால் உயர்ந்த பூட்ஸ். அந்தக் குதிகால் அழகுக்கு என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். அங்கவடிக்குள் கால் முழுக்க நுழைந்து மாட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் அது. விழுந்தால் குதிரை இழுத்துக்கொண்டு ஓடிவிடும் அல்லவா. நான் விழவில்லை. முதல் நாள் இறங்கும்போது மட்டும் என் காலை நானே கையால் தூக்கி வைக்கவேண்டியிருந்தது.

அம்மா ஒரு தப்பு செய்தாள். சாப்பாட்டு மேசையில், சும்மா பேச்சுக்கு, "எத்தனை மாடு வச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டாள். மேசை அமைதியாகிவிட்டது. பக்கத்திலிருந்த விருந்தாளிதான் அப்புறம் மெல்லச் சொன்னார்: இந்தப் பக்கத்தில் மாட்டின் எண்ணிக்கையைக் கேட்பது, வங்கியில் எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று கேட்பதற்குச் சமம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் தாத்தாவிடம் யாராவது மாட்டை எண்ணிச் சொன்னால் போதும், மூன்று தடவை தரையில் துப்புவார். கண் பட்டுவிடுமாம். அவரிடம் இருந்ததே ஏழு.

தாத்தாவைப் பற்றி உனக்கு என்ன சொல்லியிருக்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். "பால்காரர், மாடுகளைத் தெய்வமாகக் கும்பிட்டார்." அவ்வளவுதான். செம்பவாங்கில் வெள்ளைக்காரனின் கப்பற்படைத் தளம் இருந்த காலம். பக்கத்துக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், அத்தாப்பு ஓலைக் கொட்டகை, ஏழு மாடு. விடியற்காலை மூன்று மணிக்குக் கறவை. தளத்தில் வேலை செய்த நம் ஆட்களின் குடியிருப்புக்குச் சைக்கிளில் பால். தண்ணீரே கலக்கமாட்டார் என்று எழுத ஆசைதான். எழுதமாட்டேன். பள்ளிக்கூடம் போகுமுன் புல் அறுத்துப் போடுவது, சாணி வாருவது, புண்ணாக்கு ஊறவைப்பது எல்லாம் என் வேலை. இதையெல்லாம் உன்னிடம் ஏன் விவரமாகச் சொல்லவில்லை என்றால், நீ வளர்ந்த காலத்தில் அது சொல்லிக்கொள்கிற விஷயமாக இல்லை. நீயும் கேட்கவில்லை, நானும் விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மலையிலிருந்து மாடுகளை இறக்கினார்கள். கோடையில் மேலே அரசாங்கக் காட்டில் மேய விடுவார்கள். இத்தனை மாடு, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை என்று அனுமதி. பனி விழுமுன் இறக்கியாகவேண்டும். புதிதாக வந்தவர்களுக்குக் கடைசி வரிசை. முன்னால் போகிற அத்தனை குளம்பும் கிளப்பும் புழுதி நம் வாயில்தான். வழி நெடுக முள்கம்பி வேலி, வேலிக்கு வேலி கதவு. திறந்திருந்த கதவைத் திறந்தே விடவேண்டும், மூடியிருந்ததை மூடிவிட்டு வரவேண்டும். அங்கே இருக்கிற ஒரே கண்டிப்பான சட்டம் அதுதான் என்று தோன்றியது.

அடிவாரத்தில் ஒரு கிடேரி ஓடையைத் தாண்டமாட்டேன் என்று நின்றுகொண்டது. நாய் குரைத்தது. ஒரு விருந்தாளி தொப்பியைக் கழற்றி வீசினார். அது இன்னும் மிரண்டது. எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, குதிரையை விட்டு இறங்கி நடந்து போனேன். மாட்டுக்குக் கண் பக்கவாட்டில் இருக்கிறது, நேர் பின்னால் மட்டும்தான் அதற்குத் தெரியாது. அதைச் சுற்றி ஒரு வட்டம் உண்டு. வட்டத்துக்கு வெளியே நின்றால் சும்மா பார்க்கும், உள்ளே கால் வைத்தால் நகரும். எந்தப் பக்கம் நகரும் என்பதைத் தோள் சொல்லும். தோளுக்குப் பின்னாலிருந்து நெருங்கினால் முன்னே நடக்கும், தோளைத் தாண்டி முன்னால் வந்தால் பின்வாங்கும். கம்பு வேண்டாம், சத்தம் வேண்டாம். நான் தோளுக்குச் சற்றுப் பின்னால் போய் ஓரடி உள்ளே வைத்தேன், நின்றேன், மறுபடி ஓரடி. அது தண்ணீரை மோந்து பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டது.

பெரியவர் குதிரைமேல் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். இதற்கு அங்கே பயிற்சி வகுப்பெல்லாம் நடத்துகிறார்களாம். "எங்கே கற்றாய்?" என்றார். "சிங்கப்பூரில்" என்றேன். சிங்கப்பூரிலா என்று அவர் திருப்பிக் கேட்ட விதம் இருக்கிறதே! அன்று இரவு அவருக்கு நம் ஊர்க் கதை சொன்னேன். ஒரு காலத்தில் தேக்கா பகுதியே மாட்டுத் தொழுவம்தான். ரோச்சோர் ஆற்றுத் தண்ணீரும் புல்லும் இருந்ததால் அங்கே மாட்டு வியாபாரம் கொழித்தது. கல்கத்தாவிலிருந்து வந்த பெலிலியோஸ் என்ற மாட்டு வியாபாரியின் பெயரில் இன்றைக்கும் தெரு இருக்கிறது. கண்டாங் கெர்பாவ் என்றால் மலாயில் எருமைத் தொழுவம், அந்தப் பெயரில்தான் பெரிய பிரசவ மருத்துவமனை இருக்கிறது, என் மகள் அங்கேதான் பிறந்தாள் என்றேன். "அப்படியானால் உன் மகள் தொழுவத்தில் பிறந்தவள், எங்கள் மேசையில் அவளுக்கு எப்போதும் இடம் உண்டு" என்றார். இதை உனக்கு அன்றைக்கே அனுப்பியிருக்கவேண்டும்.

புதன்கிழமை கன்றுகளைப் பிரித்தார்கள். பால் மறக்கடிக்கும் நாள். ஆறு ஏழு மாதக் கன்றுகள், இருநூறு கிலோவுக்கு மேல் இருக்கும், ஆனாலும் தாய்க்குக் குழந்தைதானே. வேலிக்கு இந்தப் பக்கம் கன்று, அந்தப் பக்கம் தாய். ஒன்றையொன்று பார்க்கலாம், மோக்கலாம், பால் மட்டும் குடிக்க முடியாது. இப்படிப் பிரித்தால் தவிப்பு குறைவாம். குறைவு என்று அவர்கள் சொன்ன அந்த இரவு எப்படி இருந்தது என்றால், நாங்கள் படுத்திருந்த மரவீட்டின் சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நூற்றுக்கணக்கான தொண்டை. அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். காலையில் மருமகளிடம் கேட்டாள், எத்தனை நாள் இப்படி என்று. "மூன்று நாள், அதிகம் போனால் நாலு. அப்புறம் மறந்துவிட்டு மேயப் போய்விடும்" என்றாளாம். மறுநாள் இரவும் அதே கத்தல். இருட்டில் அம்மா சொன்னாள், "மாட்டுக்கு மூணு நாள் போதுமாம்." சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நீ டென்வர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது.

வியாழக்கிழமைதான் நான் சொல்ல வந்தது.

அன்று மாட்டு டாக்டர் வந்தார். தாய்ப் பசுக்களை ஒவ்வொன்றாகக் குறுகலான நடையில் விட்டு, கடைசியில் கழுத்தைப் பிடிக்கும் இரும்புக் கூண்டில் நிறுத்துவார்கள். டாக்டர் தோள்வரை நீண்ட பிளாஸ்டிக் உறையைப் போட்டுக்கொண்டு கையை உள்ளே விட்டு, சினையா இல்லையா என்று சொல்வார். மருமகள் நோட்டில் எழுதுவாள். ஊசி, பல் பார்ப்பது எல்லாம் அப்போதே. மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, கீழேதான் எட்டு. பால்பல் விழுந்து முதல் இரண்டு பெரிய பல் வந்தால் இரண்டு வயது, எட்டும் சேர்ந்தால் ஐந்து வயதுப் பக்கம், அப்புறம் தேய்மானத்தை வைத்துச் சொல்லவேண்டும். நான் பார்த்து வயது சொன்ன மூன்றும் நோட்டிலிருந்த வயதோடு ஒத்துப்போனது. சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

கூண்டைத் தாண்டினால் இரண்டு வழி, நடுவில் ஒரு கதவு. சினை மாடு இடது பக்கம். சினை இல்லாததை 'ஓப்பன்' என்பார்கள், அது வலது பக்கம். வலது பக்கம் போனது அடுத்த வாரம் லாரியில் ஏறும். பசுவுக்குச் சினைக்காலம் 283 நாள். வருஷத்துக்கு ஒரு கன்று வேண்டுமென்றால் ஈன்ற பிறகு 82 நாளுக்குள் மறுபடி சினை பிடிக்கவேண்டும். பிடிக்காத மாட்டுக்குக் குளிர்காலம் முழுக்கத் தினம் பன்னிரண்டு பதின்மூன்று கிலோ உலர்புல் போட்டாலும் அடுத்த வருஷம் கன்று கிடையாது. கணக்கு அவ்வளவுதான். கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது. பனியில் பிறந்த கன்றைச் சமையலறைக்குத் தூக்கிவந்து அடுப்புப் பக்கத்தில் படுக்கவைத்துக் காப்பாற்றுகிறவர்கள்; சுவரில் படம் மாட்டியிருந்தார்களே.

மகன் கூண்டுப் பக்கம், மருமகள் நோட்டோடு. பெரியவருக்குத் தோளில் வலி. என்னைப் பார்த்து, "கதவைப் பார்த்துக்கொள்கிறாயா? உனக்கு நிற்கத் தெரியும்" என்றார். விருந்தாளி நான், முடியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் ஒன்றும் தப்பாக நினைத்திருக்கமாட்டார். நான் கையுறையை வாங்கி மாட்டிக்கொண்டேன்.

காலையிலிருந்து மத்தியானம் மூன்று மணிவரை நான்தான் கதவு. மாட்டை எண்ணக்கூடாது என்று தெரியும், வாய் எண்ணவில்லை, கை எண்ணிவிட்டது. வலது பக்கம் பதினொன்று. அதில் ஒன்று வயதானது, கறுப்பு உடம்பு, வெள்ளை முகம். அது வலது பக்கம் திரும்பாமல் நின்று என்னைப் பார்த்தது. நான் அதன் தோளுக்குப் பின்னால் போய் ஓரடி உள்ளே வைத்தேன். போய்விட்டது.

பாப்பா, எனக்குப் பதினாலு வயதில் எங்கள் கொட்டகையில் வெள்ளச்சி என்று ஒரு பசு இருந்தது. என்னைத் தவிர யாரையும் பக்கத்தில் விடாது. "ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும்" என்று தாத்தா சொல்வார். வெள்ளச்சிக்கு நான் பக்கத்தில் நின்று கழுத்தைச் சொறிந்தால்தான் பால் இறங்கும். ஆறாவது ஈற்றுக்குப் பிறகு சினை பிடிக்கவில்லை, மடியும் வற்றிவிட்டது. ஒரு நாள் தாத்தா அதைக் குளிப்பாட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, சூடம் காட்டினார். பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று நினைத்தேன். சாயங்காலம் லாரி வந்தது. வெள்ளச்சி ஏறமாட்டேன் என்றது. அவருக்கும் அடங்கவில்லை, லாரிக்காரருக்கும் அடங்கவில்லை. தாத்தா என்னைக் கூப்பிட்டார். நான் முன்னால் பலகையில் ஏறினேன். அது என் பின்னாலேயே ஏறிவிட்டது. நான் மறுபக்கம் குதித்து இறங்கினேன்.

எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். பதினாலு வயதுப் பையனுக்குத் தெரியாதா? உன் அத்தை சின்னப் பிள்ளை, அழுதாள். ஜொகூரில் ஒரு தோட்டத்துக்கு, அங்கே புல் நிறைய என்று சொன்னார்கள். இன்றைக்கும் அவள் அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள், அவளிடம் உளறிவிடாதே. வெள்ளச்சிக்கு முன்னால் போனவையும் உண்டு. காளைக்கன்றுகள் ஒன்றுகூட எங்கள் கொட்டகையில் ஒரு வயதைத் தாண்டியதில்லை. பால் கறக்கவேண்டுமென்றால் பசு கன்று போடவேண்டும். பாதிக் கன்று காளையாகத்தான் பிறக்கும். ஏழு மாட்டுக்கே புல் போதாத இடத்தில் அதெல்லாம் எங்கே போகும்? தாத்தா ஒரு துண்டு மாட்டுக்கறி தொட்டதில்லை, நானும் தொட்டதில்லை.

வரவேற்பறையில் ஒரு படம் தொங்குகிறதே, புதுச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அரைக்கால் சட்டையில் நான். சின்ன வயதில், "அப்பா ஏன் மூஞ்சிய உம்முனு வச்சிருக்கீங்க?" என்று நீ கேட்பாய். வெயில் கண்ணைக் கூசியது என்பேன். அந்தச் சைக்கிள் வெள்ளச்சிக்கு வந்த பணம்.

உனக்கு ஏழெட்டு வயதிருக்கும். பொங்கல் சமயத்தில் தேக்காவில் மாடு கட்டியிருந்த கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். "நாம ஏன்பா பீஃப் சாப்பிடறதில்ல?" என்று கேட்டாய். "அது நமக்கு அம்மா மாதிரிம்மா. அம்மாவை யாராவது..." என்று பெரிய பிரசங்கம் செய்தேன். நீ வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாய். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர்கூடத் தலையாட்டினார். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால், முப்பது வருஷம் கழித்து ஒரு தட்டைப் பார்த்து நீ அப்படிக் கூனிக் குறுகியிருக்கமாட்டாய். காரில் எனக்குத் தொண்டையில் நின்றது இதுதான். காஸ்பரில் சொல்லலாம் என்று நினைத்தேன், நீ பெட்ரோல் போட இறங்கிவிட்டாய். அப்புறம் பின்னால் அம்மா தூங்கிவிட்டாள். அவளுக்கும் தெரியாது. இந்தக் கடிதத்தை அவள் படிக்கட்டும் என்றுதான் மேசைமேல் திறந்தே வைத்திருக்கிறேன். மூக்குக்கண்ணாடி இடம் மாறியிருக்கிறது, ஒன்றும் கேட்கவில்லை. நேற்றுக் காலை பசியாறும்போது மட்டும் எனக்குக் கூட ஒரு தோசை வைத்தாள்.

நான் இனிமேலும் சாப்பிடப்போவதில்லை. அது பழக்கம், இந்த வயதில் நாக்கு மாறாது. நீ சாப்பிடுவதும் விடுவதும் உன் பாடு. ஆனால் ஒளிக்காதே. படிவத்தில் "குடும்பம்" என்று எழுதாமல் "அப்பா, அம்மா" என்று எழுது. சமையல்காரர்களுக்கு அதுதான் சௌகரியம்.

வெள்ளிக்கிழமை கத்தல் குறைந்துவிட்டது. சொன்ன மாதிரியே. பெரியவர் என்னை நீர்க்கால்வாய்ப் பக்கம் நடக்கக் கூட்டிப்போனார். அவருக்கு ஒரு மகள் சியாட்டிலில் இருக்கிறாள், கணினி வேலை, உன்னைப்போல. வருஷத்துக்கு ஒரு தடவை, கன்றுக்குச் சூடு போடும் சமயத்தில் வருவாளாம். "வந்தால் வேலை செய்வாளா?" என்று கேட்டேன். "கதவு பிடிப்பாள்" என்றார்.

சில்லறை விஷயங்கள்: உன் குளிர் சட்டையை அம்மா தெரியாமல் எங்கள் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டாள். இந்த ஊரில் அதை வைத்து என்ன செய்வது, அடுத்த வாரம் அனுப்புகிறேன். மருமகளுக்கு நம் மீன் குழம்புத் தூள் இரண்டு பொட்டலம் சேர்த்து வைக்கிறேன், நீ இங்கிலீஷில் செய்முறை எழுதி அனுப்பிவிடு. ஓடையில் பிடித்த டிரவுட் மீனில் அம்மா ஒரு நாள் வைத்துக் கொடுத்தாள், மகன்காரன் பாத்திரத்தையே வழித்துவிட்டான். காரம் தாங்காமல் கண்ணில் தண்ணீரோடு வழித்தான்.

அப்புறம், அந்தக் கையுறை. தோல் கையுறை, வலது கட்டைவிரலில் தையல் விட்டிருக்கும். சேணம் வைக்கும் அறையில் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டு வந்துவிட்டேன். அடுத்த தடவை நீ அங்கே போனால் கண்ணில் படும். எடுத்துவர வேண்டாம், அங்கேயே இருக்கட்டும்.

அப்பா